துறைமுகம் இல்லாத கேசட்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. நான்கு அட்டைப்பெட்டிகளில் என் மேசைக்கு வந்து இறங்கியது. பக்கத்து வீட்டுக் கிரிசாந்தோ நூற்றுப் பதினேழு வீடியோ கேசட்டுகளைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில், எங்கள் தெருவில், கேசட் போடும் பழைய கருவி இன்னும் ஓடுவது என் வீட்டில்தான். அந்தக் கேசட்டுகளோ கதை எழுதுகிறவன் கையில் கொடுக்கக்கூடாத பொருள். பாவம், அவருக்கு அது தெரியாது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘கடல் அன்று அமைதியாக இருந்தது. கிரிசாந்தோவின் மனமோ...’

வேண்டாம். இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் கிடந்தவர். கடலை அவர் பார்த்ததே குறைவு.

இரண்டாம் முயற்சி: அவர் மனைவி பெர்லா வீட்டில் நடப்பதையெல்லாம் படம்பிடித்து, கப்பல் போகும் துறைமுகத்துக்கு அனுப்பிவைப்பாள். மகளின் பிறந்தநாள், முழுப் பன்றியை வாட்டும் புகை, வெள்ளம் ஏறிய வாசல். எல்லாரும் கேமராவைப் பார்த்துக் கையசைத்து, “சாப்பிட்டீங்களா?” என்று அவரைக் கேட்பார்கள். அவர் குடும்பத்துப் படங்கள்தான். ஒன்றில்கூட அவர் இல்லை.

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

3

கேசட்டுகளுக்கு அவர் ஒட்டியிருந்த பெயர்கள்: டர்பன், 1994. சாந்தோஸ், 1996. உள்ளே டர்பனும் இல்லை, சாந்தோஸும் இல்லை. அந்தந்தக் கேசட்டை எந்தத் துறைமுகத்தில் போட்டுப் பார்த்தாரோ, அதுதான் பெயர். அவரைப் பொறுத்தவரை மகளுக்குப் பல் விழுந்தது டர்பனில்தான்.

குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் முதல் சிலவற்றை ஏற்றிய அன்றே கனடாவிலிருந்து மகள் மரிவிக் அவரைப் போனில் கூப்பிட்டாள்.

“அப்பா, ‘டர்பன்’னு போட்டிருக்கீங்க. திறந்தா நான் முன்பல் இல்லாம ஆடிட்டிருக்கேன்! யாருக்கு என்ன புரியும்?”

“எனக்குப் புரியுதே.”

“உங்களுக்கு மட்டும் புரிஞ்சா போதுமா? குழுவுல பதினாலு பேர் இருக்கோம்.”

“பாத்தது ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் நான்.”

அவள் சிரிக்கவில்லை. வேறொன்று கேட்டாள்: “பேரே ஒட்டாத ஒண்ணு இருக்குமே. அதையும் ஏத்திட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“அதோட கடைசில கேமராவ என் பக்கம் திருப்பி உங்ககிட்ட பேசியிருக்கேன். அப்போ எனக்குப் பதினாலு வயசு. அத மனசுல வெச்சுக்கிட்டுப் பாருங்க. இல்ல, பாக்காதீங்க. எனக்குத் தெரியலப்பா.”

4

பெர்லா இறந்தபோது அவர் கப்பல் நடுக்கடலில். வர முடியாதவருக்காகச் சாவு வீட்டைப் படம்பிடிப்பது இங்கே எல்லாரும் செய்வது. மரிவிக்தான் கேமரா பிடித்தாள். வந்தவர்கள் இரவெல்லாம் விழித்திருக்கச் சீட்டாடினார்கள், பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்தார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உறவெல்லாம் வரிசையாக நின்று, கேமரா வழியாக, அங்கே இல்லாத அவரைப் பார்த்தது.

(இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அதற்கும் வருகிறேன்.)

மூன்று மாதம் கழித்துக் கேசட் அவர் கைக்குக் கிடைத்தது. அவர் பார்க்கவேயில்லை. பார்க்காததால் துறைமுகம் இல்லை, துறைமுகம் இல்லாததால் பெயரும் இல்லை. இருபத்துமூன்று வருடமாக அப்படியே இருக்கிறது.

5

முடிவுகள்.

(அ) அவர் பார்க்கிறார். மகள் மன்னிக்கிறாள். போனில் இருவரும் அழு... அடித்துவிட்டேன். சர்க்கரை தூக்கல்.

(ஆ) பார்க்காமலே குழுவில் போட்டுவிடுகிறார். இதுவும் ஆகாது. மகள் பேசியதைத் தான் கேட்காமல் ஊரைக் கேட்க விடுகிற ஆள் இல்லை அவர்.

(இ) இப்போது நடந்துகொண்டிருப்பது. மதியம். கிரிசாந்தோ வந்து என் எதிர் நாற்காலியில் உட்காருகிறார்.

“தம்பி, கம்ப்யூட்டர்ல ஏத்தறப்போ நீ பாப்பியா?”

“இல்ல, மனோங்.” (இங்கே மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.) “அது பாட்டுக்கு ஓடும். நான் வேற வேலை பாப்பேன்.”

பொய். பெயர் ஒட்டாத கேசட்டையும் முழுவதும் பார்த்தேன். இரண்டு தடவை.

“கதை எழுதற ஆளு, பாக்காமயா விடுவ?” சிரிக்கிறார். அப்புறம் சிரிப்பு நின்றுபோகிறது. “மரிவிக் என்ன சொன்னான்னு நீ சொல்ல வேணாம். அத நானே கேட்டுக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும். அவ பேசறப்போ, பக்கத்துல யாராவது இருந்தாங்களா?”

6

மரிவிக் சொன்னதை இந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். அழித்துவிட்டேன். அப்பா கேட்பதற்கு முன்னால் நீங்கள் படிப்பது முறையில்லை. நான் கேட்டதே தப்பு.

ஆனால் அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். ‘இருந்தாங்க’ என்று நான் சொன்னால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார், கேசட்டைப் போட்டுப் பார்த்து உண்மை தெரியும் நாள் வரைக்கும். ‘இல்லை’ என்று சொன்னால், அந்த அறையில் தனியாக நிற்கும் பிள்ளையிடம் ஓடிப்போக அவருக்கு எந்தக் கப்பலும் கிடையாது.

நீங்கள் சொல்லிவிடுங்களேன். என்னால் முடியவில்லை.