கேட்காமல் விட்ட வீடு

மழை பிடித்ததுமே மார்லிஸ் காதைத் தீட்டிக்கொண்டாள். சோயா வயலில் அறுப்பு மெஷினின் இரைச்சல் நின்றுவிட்டது. நனைந்த சோயாவை அறுக்க முடியாது. அப்படியானால் புருஷன் வெர்லின் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் வரக்கூடாத நாள் ஒன்று உண்டென்றால் அது இந்தச் சனிக்கிழமைதான். கூடத்தில் மூன்று பெண்கள் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் கவர்னர் அணி. வெர்லினின் பெயரைக் கேட்டாலே மூவருக்கும் முகம் சுண்டிவிடும். பூசணிக் கேக்கைத் துண்டு போடுகிற சாக்கில் அவள் சமையலறையிலேயே நின்று, ஜன்னல் வழியாக வயல் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் நடந்ததை அந்த ஊரில் ஒருவரும் மறக்கவில்லை. கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரர்கள் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடுவதில்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் கூடி, தங்களுக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நிற்பார்கள். தலையை எண்ணுவார்கள். அன்று கவர்னருக்கு ஒரு மூலை, செனட்டருக்கு எதிர் மூலை. யார் எங்கே நிற்கிறார் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும், பாதிரியாருக்கும் தெரியும். கவர்னர் மூலைக்கு மார்லிஸ்தான் தலைவி. பனியில் கால் மரத்துப்போக வீடு வீடாக ஏறி இறங்கி, "உங்கள நம்பலாமா?" என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டு ஆள் சேர்த்தவள். அப்பேர்ப்பட்டவளின் புருஷன், எண்ணத் தொடங்குகிற நேரத்தில் அவள் பக்கத்திலிருந்து எழுந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடைப்பந்துக் கோடுகளைத் தாண்டி நடந்து, எதிர் மூலையில் போய் நின்றுகொண்டான். கூடமே திரும்பிப் பார்த்தது. அவன் ஒருவன் மாறியதில் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. சமமானால் காசைச் சுண்டுவது அங்கே வழக்கம். காசு செனட்டர் பக்கம் விழுந்தது.

அதற்குப் பிறகு கட்சிக்குள் நடந்ததெல்லாம் வாயால் சொல்லத் தகாதது. செனட்டரின் இளவட்டங்கள் கவர்னர் அணிப் பெண்களைக் கிழட்டுக் கோழிகள் என்றார்கள். பெண்கள் அவர்களைத் தறுதலைகள் என்றார்கள். கோடைக்குள் செனட்டர்தான் வேட்பாளர் என்று முடிவாயிற்று. ஒற்றுமை, ஒற்றுமை என்று மேலிடம் தொண்டை கிழியக் கத்தியது. கவர்னரே மேடை ஏறிக் கைகுலுக்கிவிட்டார். கைகுலுக்க அவருக்கென்ன, மேடையை விட்டு இறங்கினால் விமானத்தில் ஏறிப் போய்விடுவார். இங்கே ஒரே கடையில் பால் வாங்குகிறவர்களுக்கல்லவா சங்கடம் தெரியும்? நவம்பரில் ஓட்டே போடுவதில்லை என்று பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். மார்லிஸின் வீட்டிலும் புருஷனும் பெண்டாட்டியும் மழையைப் பற்றியும் டிராக்டரைப் பற்றியும் மட்டுமே பேசினார்கள். ஏன் போனாய் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிப்போன மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு.

அந்த வீம்பைக்கூட மூட்டை கட்டி வைக்க வேண்டிய நிலைமை இப்போது வந்திருந்தது. நீல் அவர்களுக்கு ஒரே பிள்ளை. முப்பது வயதானாலும் குளிப்பாட்டி, ஊட்டிவிட ஆள் வேண்டும். பக்கத்து டவுனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். இல்லம் ஓடுவது அரசுக் காப்பீட்டில். அதில்தான் முதலில் கைவைப்பேன் என்று எதிர்க்கட்சி வேட்பாளர் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார். கைவைத்தால் நீல் வீட்டுக்கு வந்துவிடுவான். வரட்டும், பெற்ற பிள்ளைதானே என்று சொல்ல அவளுக்கும் ஆசைதான். ஆனால் அவனைத் தூக்கித் தூக்கியே அவள் முதுகெலும்பு போய்விட்டது. போன கிறிஸ்துமஸுக்கு அழைத்து வந்திருந்தபோது, குளியலறையில் அவனைத் தாங்க முடியாமல் இருவருமாக விழுந்தார்கள். வெர்லின் மாட்டுக் கொட்டகையிலிருந்து வரும்வரை ஈரத்தரையிலேயே கிடந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு அழுகை முட்டும்.

அதனால்தான் இந்த மூவரையும் அழைத்திருந்தாள். அழகு நிலையம் வைத்திருக்கும் கொரீன், நூலகத்து டுவைலா, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஆர்டித். கொரீன் இறங்கினால் மற்ற இருவரும் இறங்குவார்கள். வந்ததுகூட மூவரும் கொரீனின் காரில்தான். இவர்கள் செனட்டருக்காக வீடு ஏறினால், முறைத்துக்கொண்டிருக்கும் ஊரில் பாதி இளகும்.

கேக்கைக் கொண்டுபோய் வைத்தாள். யாரும் தொடவில்லை. அந்த வட்டாரத்தில் பூசணிக் கேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

"உன் முகத்துக்காக வந்தோம்," என்றாள் கொரீன். "அந்த ஆளுக்காக இல்ல. அவனோட பசங்க என் கடை வாசல்லயே நின்னு என்னைக் கிழட்டுக் கோழின்னானுங்க. தலைக்கு டை போட்டுட்டு இருந்த பொம்பளைங்க அத்தன பேரும் கேட்டாங்க. இப்ப நான் போய் அவனுக்கு ஓட்டுக் கேக்கணுமா?"

மார்லிஸ் பதில் சொல்வதற்குள் பின்கட்டுக் கதவு திறந்து மூடியது. பூட்ஸ் கழற்றும் சத்தம். வெர்லின் ஈரத்தலையோடு, காலுறையோடு கூடத்து வாசலில் வந்து நின்றான். மூவரையும் பார்த்தவன் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தது அவன் தோளிலேயே தெரிந்தது.

"வா வெர்லின்," என்றாள் கொரீன், இனிக்க இனிக்க. "செனட்டர் வீட்டு மாப்பிள்ளை. நல்ல நேரத்துலதான் வந்திருக்க. இவ கேக்க மாட்டா, நான் கேக்கறேன். அன்னிக்கு ஏன் அந்தப் பக்கம் போன? அத சொல்லு. அப்புறம் வீடு ஏர்றதப் பத்தி நாங்க பேசறோம்."

விட்டுவிடு கொரீன் என்று மார்லிஸ் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. எட்டு மாதமாக அவளும் அதைத்தானே தெரிந்துகொள்ளத் தவித்தாள்? வெர்லின் சட்டென்று பேசுகிற ஆளில்லை. ஈரத்தலையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"அவ என்னைக் கேக்கல," என்றான்.

"என்ன கேக்கல?"

"உங்கள நம்பலாமான்னு. ஊர்ல எல்லா வீட்டுக் கதவையும் தட்டினா. வண்டி ஓட்டினது நான். கண்ணாடிய இறக்கி விட்டுட்டு, அவ கேக்கறத வாசலுக்கு வாசல் காதுல வாங்கிட்டுதான் ஒக்காந்திருந்தேன். நம்ம வேலியப் பேத்துட்டுப் போனானே ஹார்லன், அவனக்கூடக் கேட்டா. என்னைக் கேக்கல. அன்னிக்கு ராத்திரி ஜோலீன் வந்து, நீங்க என்ன நெனைக்கறீங்க வெர்லின்னு கேட்டா. எந்திரிச்சுப் போயிட்டேன். மத்தபடி செனட்டர் எனக்கு மாமனா மச்சானா?"

ஜோலீன் செனட்டர் மூலையின் தலைவி, தீவனக் கடைக்காரி. மார்லிஸுக்கு முதலில் வந்தது கோபம்தான். இதற்காகவா? இதற்காகவா ஊர் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்தான்? கோபத்தின் பின்னாலேயே வெட்கம் வந்தது. ஆள் சேர்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் சொல்லிக்கொடுப்பதே இதுதான்: நம்ம ஆள்தானே என்று எந்த வீட்டையும் விட்டுவிடாதே, கேட்டால்தான் மனிதருக்கு மதிப்பு. தன் சொந்த வீட்டைத் தவிர எல்லா வீட்டையும் கேட்டிருக்கிறாள். அவனை வண்டியோடு வண்டியாக நினைத்துவிட்டிருக்கிறாள்.

கொரீன் மார்லிஸைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பில் துளி ஈரமில்லை. "அப்போ நம்மளக் கவுத்தது நீதானா? எட்டு மாசமா இந்த மனுசன் மூஞ்சியில நான் முழிக்கல. காரணம் நீயா?"

டுவைலா கோப்பையைக் கீழே வைத்தாள். ஆர்டித் மேல்கோட்டைத் தேடத் தொடங்கினாள். இப்போது விட்டால் போயிற்று என்று மார்லிஸுக்குத் தெரிந்தது.

"ஆமா, நான்தான்," என்றாள். "ஒத்துமை கித்துமைன்னு நான் பேசப் போறதில்ல. அந்த செனட்டர எனக்கு இன்னிக்கும் பிடிக்கல. டிவியில வந்தா அணைச்சுடறேன். ஆனா நீலத் தூக்கி ஒக்கார வைக்க எனக்கு முதுகு இல்லடி. அவ்வளவுதான் விஷயம். கொரீன், நீ வருவியா?"

கொரீன் கேக் தட்டைத் தள்ளி வைத்தாள். மார்லிஸ் டுவைலாவைக் கேட்டாள், ஆர்டித்தைக் கேட்டாள். இருவரும் கொரீனைப் பார்த்தார்கள். கடைசியாகப் புருஷன் பக்கம் திரும்பி, அவனையும் பெயர் சொல்லிக் கேட்டாள். வெர்லின் பின்கட்டுக்குப் போய், கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு வந்தான்.

"மழையில யாரு கதவத் திறப்பா?" என்று ஆர்டித் முனகினாள். மழையில்தான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்றாள் மார்லிஸ். துண்டுப் பிரசுரக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கொரீனின் கார் அவளுடைய காருக்குப் பின்னால், வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதை எடுத்தாலொழிய இவள் அசைய முடியாது. வண்டிக்குள் போய் உட்கார்ந்தாள். வெர்லின் பக்கத்து இருக்கையில் ஏறி, பிரசுரக் கட்டை மடியில் வைத்துக்கொண்டான். கண்ணாடியில் மூச்சு படிந்தது.

வீட்டுக் கதவு திறந்தது. மூன்று பெண்களும் தலையில் கோட்டை இழுத்துவிட்டபடி ஓடி வந்து, கொரீனின் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்கள். கார் பின்னால் நகர்ந்து, ஓரமாக ஒதுங்கி, மார்லிஸுக்கு வழி விட்டது. அவள் சரளைப்பாதையின் முடிவுவரை போய் நிறுத்தினாள். இடது பக்கம் ஊர். வலது பக்கம் போனால் கொரீனின் வீடு. மார்லிஸ் இடது பக்கம் திரும்பினாள்.

"பின்னாடி பாக்காத," என்றான் வெர்லின். "ரோட்டப் பாரு."

அவள் பார்த்தாள். பாதையின் வாயில் கொரீனின் கார் வந்து நின்றிருந்தது. கண்ணாடித் துடைப்பான்கள் போய்ப் போய் வந்தன. மூன்று தலைகளும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தன. இடது பக்க விளக்கும் மின்னவில்லை, வலது பக்க விளக்கும் மின்னவில்லை. மார்லிஸ் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்து, வண்டியை மெதுவாக்கினாள்.