சாத்துண்ணியின் இடது காது

மேலங்காவில் வாணவேடிக்கைக்குத் தடை வந்த வருடம், பகவதி கோயில் பூரத்து வெடியைச் சாத்துண்ணியின் இடது காதில் மைக் வைத்து நடத்தினார்கள்.

இளமையிலிருந்தே கோயில் வெடிக்குத் திரி வைத்தவன் அவன். வெடித்தது ஊரில் ஓய்ந்தாலும் அவன் காதுக்குள் ஓயவில்லை. டவுன் டாக்டர் குனிந்து பார்த்து, "நரம்பு செத்துப்போச்சு, மூளை தானா கிளப்புற இரைச்சல், வெளிய சத்தமே கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே காதிலிருந்து ஒரு வெடி கிளம்பி அவர் கண்ணாடி தெறித்து விழுந்தது. ஜோசியர் பகவதியின் கோபம் என்றார். மைத்துனன் காதுக் குறும்பி என்றான். சாத்துண்ணிக்கு எந்தக் காரணமும் சம்மதம்தான். மனைவி தேவயானி வாயைத் திறந்தாலே, "காதுல வெடி போகுது, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிடலாமே. கள்ளுக்கடையில் யாராவது கூப்பிட்டால் மட்டும், வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கும்.

தடை உத்தரவைப் படித்துவிட்டு விழாக் கமிட்டிச் செயலாளர் பாஸ்கரக் குறுப்பு நேராக அவன் வீட்டுக்கு வந்தார். "சாத்துண்ணியேட்டா, வெடிமருந்துக்குத்தான் தடை. காதுக்கு எவன் தடை போட்டான்?" போலீஸ் வந்து காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தது. மருந்து எதுவும் அகப்படாததால் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டது.

வெடி அற்புதமாகத்தான் போனது. ஆனால் இரண்டு வெடிகளுக்கு நடுவே ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் வந்தது. "மாருல கட்டி மாதிரி இருக்குங்க. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்க. கேக்குதா?" அடுத்த இடைவெளியிலும் அதே குரல், அதே கட்டி, அதே கேள்வி. காது எல்லாவற்றையும் வாங்கித்தான் வைத்திருந்தது. வாங்கவில்லை என்று சொன்னவன் சாத்துண்ணி. கூட்டத்தில் நின்ற தேவயானி மேல்முண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"யாரது வெடிக்கு நடுவுல? சத்தத்தைக் குறைங்கடா" என்றார் குறுப்பு.

"குறைச்சுப் பாரு, கையை ஒடிச்சிடுறேன்" என்றாள் மீன்காரி கொச்சுமரியம். அவளே தேவயானியை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்று சொல்லிக் கட்டியை எடுத்தார்கள். கமிட்டியோ கடைசி வெடி கெட்டுப்போனதற்காகப் பத்து நாள் வருத்தப்பட்டது.

இப்போது பூர நோட்டீசில், மாலை தேவயானியின் பேச்சு, பிறகு வாணவேடிக்கை என்றே அச்சடிக்கிறார்கள். முன்னதற்குத்தான் கூட்டம் அதிகம். ஒலிபெருக்கி "கேக்குதா?" என்றதும் ஊரே ஒரே குரலில் "கேக்குது!" என்கிறது. குணமாகி வந்த தேவயானியும் கொச்சுமரியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்தபடி கேட்கிறாள். மைக்குக்குக் காதைக் கொடுத்து நிற்கும் சாத்துண்ணி மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம், "என்ன சொல்றா?" என்று விசாரிக்கிறான்.