ராசிங்காபுரத்துக்குத் தெரிகிற விளக்கு

கீழே எழுதியிருப்பதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. சந்தேகப்படுகிறவர்கள் ஒரு கட்டிச் சூடம் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வரலாம். கொளுத்தி, வெறுங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துதருகிறேன். இரண்டு கட்டியாக வாங்கி வந்தால் மீந்ததை எங்கள் வீட்டுச் சாமிக்கு வைத்துக்கொள்வேன்.

எண்பத்து மூன்றாம் வருசம். போடியில் ஊர் முடிந்து போடிமெட்டு ரோடு மலைக்குத் திரும்புகிற இடத்தில், தெருவின் கடைசி வீடு எங்களுடையது. மேலே சரிவில் எனக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட வரும் ஜீப்பு, காய் மூட்டையையும் எங்கள் வாசலில் தள்ளிவிட்டுப் போகும். மலை மேற்கே நிற்பதால் மற்ற ஊர்களைவிட எங்களுக்குச் சூரியன் சீக்கிரமே போய்விடும். மத்தியானச் சாப்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகச் சாப்பிட்டால், கை கழுவும்போது இருட்டியிருக்கும்.

அப்படி ஓர் இருட்டில்தான் என் மனைவி ஜக்கம்மாள், வாசலில் கிடந்த ஏலக்காய் மூட்டையில் தடுக்கி விழுந்தாள். கால் பிசகிக்கொண்டது. அவள் அழவில்லை. மூட்டையை ஒரு பார்வை பார்த்தாள். அதே பார்வையை என் பக்கம் திருப்பினாள்.

“தோட்டத்துல யானைக்குப் பயந்து நடக்கலாம். என் வீட்டு வாசல்ல மூட்டைக்குப் பயந்து நடக்க முடியாது. வெளிச்சுவத்துல ஒரு லைட்டப் போடுங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்?”

“போட்டுருவோம்ல.”

“போட்டுட்டுச் சொல்லியனுப்ப வேணாம். எங்கண்ணன் வீட்டு மாடியில நின்னா இந்த மலையடிவாரம் அப்படியே தெரியும். என்னைக்கு லைட்டு தெரியுதோ, அன்னைக்கு வர்றேன்.”

மறுநாள் காலை நொண்டிக்கொண்டே பஸ் ஏறி ராசிங்காபுரம் போய்விட்டாள். அங்கேதான் அவளுடைய அண்ணன் மொக்கையன் இருந்தார்.

நான் சொந்தமாகச் சமைக்க ஆரம்பித்தேன். முதலில் வைத்த புளிக்குழம்பை எங்கள் நாய்க்கு ஊற்றினேன். அது முகர்ந்தது. என்னை அனுதாபத்தோடு பார்த்தது. பிறகு எழுந்து தேவாரம் ஊருக்கே குடிபோய்விட்டது. அடுத்த வீட்டு சுப்புத்தாய் குட்டைச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“அண்ணே, நீங்க தாளிக்கிற வாசத்துக்கு எங்க மாடு பாலு சுரக்க மாட்டேங்குது. மதினிய வெரசாக் கூட்டிட்டு வாங்க.”

லைட்டு வாங்கக் கடைவீதிக்குப் போனேன். நான் ஏலக்காய்க்காரன். காயைக் கையில் எடுத்தால் முதலில் காதோரம் வைத்துக் குலுக்குவேன். கலகலவென்றால் நன்றாகக் காய்ந்த காய். அதற்குப் பிறகு பருமன் பார்ப்பேன். பல்புக்கும் அதே நியாயம்தானே? கடையிலிருந்த பல்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் காதோரம் குலுக்கினேன். ஒன்றே ஒன்றுதான் கலகலவென்றது. அதை எடுத்து நீட்டினேன்.

கடைக்காரர் தலையில் கை வைத்தார். “அண்ணே, உள்ள கம்பி அறுந்தாத்தான் பல்பு சத்தம் போடும். நீங்க குலுக்குன குலுக்குல மத்ததும் அறுந்திருக்கும்.”

சத்தம் போகட்டும், பருமனாவது பார்ப்போம் என்று கடையிலேயே பெரிய பல்பாகக் கேட்டேன். இருநூறு வாட்டு. பூசணிப் பிஞ்சு மாதிரி இருந்தது. கொண்டுவந்து கதவுக்கு மேலே மாட்டி, சாயங்காலம் சுவிட்சைப் போட்டேன்.

வாசல் பட்டப்பகலானது. தெரு இருட்டானது. எங்கள் தெருவுக்கு வரும் கரண்டு, ஆஸ்துமாக்காரன் மூச்சு மாதிரி இழுத்து இழுத்துத்தான் வரும். அதில் முக்கால்வாசியை என் பல்பு குடித்துவிட்டது. மில்லில் அரைபட்டுக்கொண்டிருந்த கம்பு முழுசு முழுசாக வெளியே வந்தது. டூரிங் டாக்கீசில் கதாநாயகன் விட்ட குத்து போய்ச் சேருவதற்குள் வில்லன் ஒரு சோடா குடித்துவிட்டு வந்து நின்றான். எங்கள் வீட்டு மீட்டர் சக்கரம் சுற்றிய காற்றில், பக்கத்தில் தொங்கிய காலண்டரின் தாள்கள் புரண்டு பங்குனியில் போய் நின்றன. அப்போது ஐப்பசி.

“அணைங்கண்ணே!” என்று சுப்புத்தாய் அலறினாள். “ஒரு வாசப்படிக்கு வெளிச்சம் போட ஒரு தெருவையே குருடாக்குறீகளே!”

அணைத்தேன்.

அதிகம் தின்கிற பல்பு ஆகாது என்று தெரிந்துகொண்டதும், எதுவுமே தின்னாத பல்பைத் தேடினேன். அப்படி ஒன்று இருந்தது. ஜீரோ வாட்டு பல்பு. பெயரே ஜீரோ, அப்புறம் என்ன கவலை? அதை மாட்டிவிட்டு, ராசிங்காபுரத்துப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜக்கம்மாள் வரவில்லை. மொக்கையன்தான் வந்தார். எரிகிற பல்புக்கு நேர் கீழே நின்றுகொண்டு கேட்டார்.

“என்ன மாப்ளே, இன்னும் லைட்டு போடலையா?”

“எரியுது மச்சான்.”

“எங்க?”

தீக்குச்சியைக் கிழித்து உயர்த்திக் காட்டினேன்.

“அட, இதா! மின்மினிக்குக் காய்ச்சல் கண்ட மாதிரியில்ல இருக்கு.” வயிற்றைத் தடவிக்கொண்டார். “எனக்கொண்ணும் அவசரமில்ல மாப்ளே. நீங்க பையப் பாருங்க. தங்கச்சி நேத்து ஒரு வெள்ளாட்டுக் குழம்பு வச்சா பாருங்க...”

அவர் அந்தக் குழம்பை நினைத்துப் பெருமூச்சு விட்டபோது சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து என் நெற்றியில் பட்டது. எனக்கு விசயம் புரிந்துபோனது. கால் சரியாகிவிட்டாலும் இந்த மனுசன் அவளை அனுப்பமாட்டார். நாளாக ஆக, அவளுக்கே அந்த வீட்டு அடுப்பு பழகிவிடும். நான் மிச்சக் காலத்தை என் புளிக்குழம்போடு கழிக்கவேண்டியதுதான்.

மறுநாளே மேலே போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போய்த் தவசியைக் கூட்டிவந்தேன். தவசி எஸ்டேட்டில் ஒயர்மேன். பாதிநாள் மலையாளிகளோடு இருப்பதால் பேச்சிலும் பாதி அந்தப் பக்கத்துச் சரக்கு. வந்ததும் ஒயர் முனையை விரலால் தொட்டுப் பார்த்தான். வைத்தியர் நாடி பிடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான்.

“கரண்டுக்கு ஒடம்பு செரியில்லண்ணே. கடிக்கல. நக்குது.”

“இதை வச்சு ராசிங்காபுரத்துக்குத் தெரியிற மாதிரி லைட்டு போட முடியுமா?”

“முடியும். பல்பு திங்கிறதுல முக்கால்வாசிய சூடாக் கக்கிரும். உங்களுக்கு வேண்டியது வெளிச்சமா, தோசைக்கல்லா?”

“வெளிச்சம்தான்.”

“அப்ப டியூப் லைட்டு. நாப்பது வாட்டு மதி, அது போதும். உங்க குண்டு பல்புல அஞ்சுல ஒரு பங்குதான் திங்கும். வெளிச்சம் அதுல கொஞ்சந்தான் கொறையும்.”

எனக்கு நம்பிக்கை வந்தது. “அப்ப அத ஓட்டு மேல, ஆகாசத்தப் பாத்து நிறுத்திரு தவசி.”

“மதினி ஆகாசத்துலயா தடுக்கி விழுந்தாக? படிக்கு மேல, கீழ பாத்த மாதிரிதான் வைக்கணும். சுவத்துக்கு வெள்ளையடிங்க. வெளிச்சம் வெள்ளைல பட்டா அதுவே தூரத்துக்குக் காட்டிக் குடுக்கும்.”

நான் சுண்ணாம்பு அடித்தேன். அடித்து முடித்தபோது ஒரு கொக்கு பெண் பார்க்க வந்ததுபோல வந்து சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொருத்தமில்லை என்று போய்விட்டது. தவசி சுவரில் துளை போட்டு மரக்கட்டை இறக்கி, டியூப்பைத் தாங்குகிற பட்டியைத் திருகினான். மலைச்சாரல் படாமலிருக்க மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மேலே ஒரு தகரக் கூரை வளைத்தான். ஒயரை நேராக இழுக்காமல் கொஞ்சம் தொங்கவிட்டு மேலேற்றினான். கேட்டால், “மழத்தண்ணி ஒயரைப் பிடிச்சு வந்தா அந்தத் தொங்கல்லயே சொட்டிரும். வீட்டுக்குள்ள வராது” என்றான். ஜக்கம்மாளுக்கு இருக்கிற அறிவு இவனுக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்தது. சுவிட்சைப் போட்டேன். குழாயின் இரண்டு முனையும் சிவந்தன. கண்ணைச் சிமிட்டியது. மறுபடி சிமிட்டியது. அவ்வளவுதான். தெரு முழுக்க எல்லார் வீட்டிலும் பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

தவசி அண்ணாந்து காதைக் கொடுத்துக் கேட்டான். “பட்டிக்குள்ள இருக்கிற சோக்கு முனகுது. தூக்கிவிட ஆளில்ல. தெருவே சேந்து இழுக்குதுல்ல? எல்லாரும் ஒரு நிமிசம் அணைச்சாங்கன்னா இது பத்திக்கிடும். பத்திக்கிட்டா அப்புறம் விடாது.”

போன வாரம் தெருவையே குருடாக்கியவன், இன்றைக்கு எந்த முகத்தோடு போய் அணையுங்கள் என்று கேட்பது? படியில் உட்கார்ந்துவிட்டேன். ராசிங்காபுரத்துப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இந்நேரம் மாடிக்கு வந்து பார்ப்பாள். எதுவும் தெரியாமல் கீழே இறங்கிப் போய் அண்ணனுக்கு மீன் பொரிப்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுப்புத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போனாள்.

“ஏப்பா, எல்லாரும் லைட்ட அணைங்க! கோட்டைச்சாமி அண்ணன் வீட்டு லைட்டு பத்தணும்! மதினி வரணும்! இல்லன்னா இன்னைக்கும் அவருதான் சமைப்பாரு!”

கடைசி வார்த்தை முடிவதற்குள் தெரு அணைந்தது. பீடி பற்றவைத்திருந்த ஒருவர் அதையும் அணைத்துவிட்டார்.

டியூப் லைட் ஒரு தடவை தொண்டையைச் செருமியது. பளிச்சென்று பற்றிக்கொண்டது.

படி தெரிந்தது. படியோரம் கிடந்த மூட்டை தெரிந்தது. மூட்டைத் தையலில் நூல் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. தெருக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பல்பைப் போட்டார்கள். எங்கள் விளக்கு அசையவில்லை. தேவாரத்துப் பக்கம் ஒரு வாழைத்தோப்புக்குள் அப்போதுதான் நுழைந்த யானை, விடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டதாம். நான் அந்த யானையைப் பார்க்கவில்லை. கூட்டிச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

தவசி டியூப்பைப் பற்றவைக்கிற ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். “எரிஞ்சப்புறம் இது வேணாம். நாளைக்கு சுப்புத்தாய் வீட்டுல ஒரு டியூப் மாட்டுவோம். தெருவுக்கே ஒரு ஸ்டார்ட்டர் மதி.”

நான் அவன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிக்கு வந்திருப்பாளா? மீன் பொரிக்கிற மும்முரத்தில் மறந்திருப்பாளா? மொக்கையன் மாடிக் கதவைப் பூட்டிவைத்திருந்தால்?

ஒரு ஜீப்பு வந்தது. ஆட்களை ராசிங்காபுரத்தில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற ஜீப்பு. முன்சீட்டிலிருந்து ஜக்கம்மாள் இறங்கினாள். கக்கத்தில் ஒரு கோழி. கொஞ்ச தூரம் மொக்கையன் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடிவந்ததாகவும், கோழியையாவது விட்டுட்டுப் போ தாயி என்று கேட்டதாகவும் டிரைவர் சொன்னார்.

அவள் வாசலுக்கு வந்தாள். மூட்டையைப் பார்த்தாள், ஒதுங்கி நடந்தாள். படியில் கால் வைத்தாள், ஏறினாள். நின்று விளக்கைப் பார்த்தாள். தகரக் கூரையைப் பார்த்தாள். வெள்ளைச் சுவரைப் பார்த்தாள்.

“வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு” என்றாள். “அதான் நல்லாத் தெரியுது, நான் போனதுலருந்து வாசலக் கூட்டலன்னு. இந்தாருங்க, அந்த மூலைல தொங்குறது ஒட்டடையா, இல்ல உங்க மீசையக் கழத்தி மாட்டிருக்கீகளா?”

அப்பாடா என்று இருந்தது. அத்தனை நாளும் நெஞ்சில் உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ தூக்கிக் கீழே போட்டதுபோல் இருந்தது. விளக்குமாற்றை எடுத்து, அந்த வெளிச்சத்தில், அவள் விரல் காட்டிய இடத்தையெல்லாம் கூட்டினேன். அவள் உள்ளே போய் நான் வைத்திருந்த குழம்பைத் திறந்து பார்த்து, “ஆத்தாடி!” என்றாள். கொட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கடுகு வெடித்தது. தெருவில் அடைத்துக் கிடந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சுப்புத்தாய் வீட்டு மாடு பால் சுரந்தது. சோறு வடிப்பதற்குள், தேவாரத்திலிருந்து எங்கள் நாய் வந்து விளக்குக்குக் கீழே படுத்துக்கொண்டது.

எங்கள் தெருவில் முதல் மின்கம்பம் நட்டுக் கரண்டு கொடுத்தது, இதெல்லாம் நடந்து ஆறு வருசம் கழித்து, எண்பத்தொன்பதாம் வருசம்.