தட்டில் வைத்த தீ

முப்பத்தொரு வருஷம் தீ வைத்துப் பிழைத்தவன் நான். போலீசுக்குப் போக வேண்டாம், கம்பெனி சொல்லித்தான் வைத்தேன். தீயணைக்கும் சிலிண்டர் விற்கிற கம்பெனியில் செய்து காட்டுகிற வேலை. தகரத் தட்டில் டீசல் ஊற்றி, மேலாகக் கொஞ்சம் பெட்ரோல் தெளித்து, காற்று என் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நின்றுகொண்டு கொளுத்துவேன். தகரம் சூடேறுவதற்குள் சிலிண்டரால் அடித்து அணைத்துவிட வேண்டும். சூடேறிவிட்டால் அணைந்த தீ திரும்பப் பற்றும், மானம் கப்பலேறும். ஆறே வினாடி. கைதட்டுவார்கள், வாங்குவார்கள்.

அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஏவுகணைப் படம் காட்டினால் எப்படி இருக்கும்?

எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு குன்று. எதிரி அனுப்பும் அணுகுண்டை வானத்திலேயே மறித்து அடிக்கிற ஏவுகணைகளை அதில் நிறுத்தப் போகிறார்களாம். ஊர் சம்மதம் வேண்டுமாம். நகராட்சிக் கூடத்தில் கூட்டம், வந்து கை தூக்கினால் போதும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். என் மகள் குடித்தனம் அந்தக் குன்றடிக் குவார்ட்டர்ஸில்தான். மாப்பிள்ளை அந்த ஏவுகணைகளைச் சோதிக்கிற நிலையத்தில் ஃபிட்டர்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். துப்பாக்கிக் குண்டை விட வேகமாக வருவதை எப்படித்தான் அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். மாப்பிள்ளை சூதுவாது தெரியாத மனுஷன். தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"சோதனையில நாம அனுப்புறதைத்தானே மாமா நாமளே அடிக்கிறோம். அதுக்குள்ள ஒரு கருவி இருக்கு. இங்க வர்றேன், இங்க வர்றேன்னு அதுவே சொல்லிக்கிட்டு வரும். அதை மாட்டுறதுதான் என் வேலை."

மகள் கரண்டியைப் பாத்திரத்தில் ணங்கென்று போட்டாள். இது வெளியே போனால் அவர் வேலையும் போகும், இந்த வீடும் போகும், கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவே கூடாது என்றாள். கருவியைப் பற்றி மூச்சுவிட மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தேன். வாயைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதற்குக் கீழே, குண்டு விழுந்தால் ஊர் பதுங்க ஓர் அறை உண்டு. மூன்றாவது வரிசை முழுக்கச் சோதனை நிலைய ஊழியர்களும் அவர்கள் குடும்பமும். கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. மேடையில் ஒரு ராணுவ அதிகாரி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. எதிர்த்துப் பேசக் கல்லூரி வாத்தியார் ஒருவர்.

விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். ஒரு வெள்ளைக் கோடு ஏறியது, இன்னொரு கோட்டை முட்டியது, பளிச். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் பழகின கைதட்டல். பத்துக்கு ஒன்பது விழுந்தது என்றார் அதிகாரி. அந்தப் பத்தாவது யார் தலையில் விழும் என்று யாரும் கேட்கவில்லை.

வாத்தியார் எழுந்தார். நாம் கேடயம் கட்டினால், அடித்துவிட்டு ஒளிந்துகொள்ளப் பார்க்கிறோம் என்று எதிரி நினைப்பான், இன்னும் நூறு குண்டு செய்வான் என்றார். நியாயம்தான் என்று தலையாட்டினேன். அடுத்த பேச்சில் கெடுத்துக்கொண்டார். கேடயமே வேண்டாம், நம்மிடமும் குண்டு இருக்கிறது, அவனிடமும் இருக்கிறது, அந்தப் பயம்தான் காவல், இத்தனை வருஷம் அதுதானே காப்பாற்றியது என்றார். பிறகு இரண்டு பேரும் அரை மணி நேரம் எங்கள் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். சாகப் போகிறவன் எவனையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து மைக்கைக் கேட்டேன்.

முதலில் வாத்தியாரைப் பிடித்தேன். பயம் காவல் என்கிறீர்களே, அவன் குண்டு வருகிறது என்று தப்பாக நினைத்துக்கொண்டால்? புகை மணி மாட்டின கட்டடங்கள் ஆயிரம் பார்த்திருக்கிறேன். சமையல் ஆவிக்கு அடிக்கும், சிகரெட்டுக்கு அடிக்கும், ஒன்றுமே இல்லாமலும் அடிக்கும். தப்பாக அடிக்காத மணியை நான் பார்த்ததே இல்லை என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

அதிகாரி பக்கம் திரும்பினேன்.

"சார், நீங்க அடிச்சு வீழ்த்தினீங்களே, அந்தத் தீயை வச்சது யாரு?"

"புரியலை பெரியவரே."

"அதை அனுப்பினது யாருன்னு கேக்கறேன்."

"நாங்கதான். சோதனைன்னா அப்படித்தான்."

"எத்தனை மணிக்கு வரும்னு தெரியும். எந்த வழியா வரும்னு தெரியும். அப்படித்தானே?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

கேட்டுக்கொண்டே அவர் கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. அது மாப்பிள்ளையை எட்டுவதற்குள் முந்திக்கொண்டேன்.

"யாரும் சொல்லலை சார். இதே பொழப்புதான் நானும் பொழச்சேன்."

சொன்னேன். வீட்டில்கூடச் சொல்லாததை மைக்கில் சொன்னேன். ஒரு பெயிண்ட் கிடங்கு. என் ஆறு வினாடியைப் பார்த்து மயங்கிப் பன்னிரண்டு சிலிண்டர் வாங்கினார்கள். அங்கே காவல்காரருக்கு நான்தான் சிலிண்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். நாலு மாதம் கழித்து டப்பா அடுக்குக்குப் பின்னாலிருந்து தீ வந்தது. நான் வைத்த தீ இல்லை, அதனால் என் பேச்சைக் கேட்கவில்லை. மற்றவர்கள் வாசலுக்கு ஓடினார்கள். அவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, நான் காட்டின மாதிரியே கால் அகட்டி நின்றாராம்.

"கையில அது இல்லைன்னா அந்த மனுஷன் ஓடியிருப்பார் சார். இருந்ததாலதான் நின்னார். நீங்க இந்த ஊரையே நிக்க வைக்கறீங்க."

மைக்கை வாங்கிக்கொண்டார்கள். பெரியவரின் அனுபவத்துக்கு நன்றி என்றார் அதிகாரி. சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார்.

தூக்கினார்கள். கடைக்காரர், பள்ளிக்கூட ஆயா, என் பக்கத்து வீட்டுக்காரன், எல்லாரும். மூன்றாவது வரிசையில் என் மகள் கை தூக்கியிருந்தாள். அவள் பக்கத்தில் மாப்பிள்ளை இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். மகள் முழங்கையால் இடித்தாள். அந்தக் கைகள் அசையவில்லை. மேடையோரம் நின்ற ஒருவன் சின்ன நோட்டை எடுத்து எழுதினான்.

பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. வேலை இல்லை என்பதையும் அதே தாளில் சொல்லிவிட்டார்கள், தாள் மிச்சம். அதனால்தான் இதையெல்லாம் இப்போது எழுத முடிகிறது. மூன்று பேரும் என் இரண்டு அறையில் இருக்கிறோம். மகள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிற சத்தத்தில் திட்டுகிறாள். எனக்கு வேண்டியதுதான்.

ஒரு நாள் மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டேன், சும்மாவாவது தூக்கியிருக்கக் கூடாதா என்று.

"தூக்கலாம்னுதான் இருந்தேன் மாமா. அந்தக் கருவியை மாட்டுற கை இதுதானே."

குன்றில் ஏவுகணைகள் வந்துவிட்டன. போன வாரம் நகராட்சி, கூடத்துக்குக் கீழே இருந்த பதுங்கறையைக் காலி செய்தது. கேடயம் இருக்கும்போது அது எதற்காம். இப்போது அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.