சீனிவாசகம் மாமா பாஸ் பண்ணிய பூஸ்டர்

மூன்று வருஷமாக நான் எலெக்ட்ரிக் கிடார் வாசித்துக்கொண்டிருந்தேன். அதை ஒருவரும் கேட்டதில்லை. குற்றம் என்னுடையதல்ல, எங்கள் குழுவில் சுந்தரபாண்டி அடித்த பாங்கோ மேளத்துடையது. பாங்கோவை விரலால் வாசிக்க வேண்டும். அவன் பகலெல்லாம் லாரியில் லோடு ஏற்றுகிறவன், அந்தக் கையோடு அப்படியே மேடைக்கு வந்துவிடுவான். ஆம்ப்ளிஃபயரைக் கடைசி வரை திருகி வைத்தாலும், பக்கத்தில் நிற்கிற பாட்டுக்காரனே என்னிடம் குனிந்து, "பலவேசம், ஆரம்பிச்சிட்டியாடே?" என்பான். ரத்தம் கொதிக்கும் எனக்கு.

இதெல்லாம் 1968-இல். சிவகாசியில் வெடிக்கட்டுகளுக்கு லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் எனக்கு வேலை. கச்சேரி கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மட்டும்தான். அப்படியே காலம் போயிருக்கும், இடையில் செல்லக்கனி வந்திராவிட்டால்.

செல்லக்கனி எனக்கு முறைப்பெண். அவள் அப்பா சீனிவாசகம் மாமா எம். புதுப்பட்டியில் சின்னதாக ஒரு வெடி கம்பெனி வைத்திருந்தார். கச்சேரியில் நான் வாசிப்பதைப் பார்த்துத்தான் அவளுக்கு என்மேல் பிரியம் வந்தது. பார்த்து என்றுதான் சொல்ல முடியும். கட்டினால் அத்தானைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் ஒரே பிடியாக நின்றாள். மாமா என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏலே மருமகனே, என் தொழிலே சத்தம். நீயும் சத்தம் போடுறவன்னு சொல்லுதா. ஆனா நீ வாசிச்சு எவனும் கேட்டதில்லன்னு ஊர்ல சொல்லுதாங்களே?"

"பாங்கோ அமுக்கிருது மாமா."

"வைகாசிக் கொடையில முத வரிசையில உக்காருவேன். என் காதுல விழுந்துச்சுன்னா பொண்ணு உனக்கு. விழலன்னா வேற எடம் பாத்துக்கோ."

அது அவ்வளவு சின்னக் காரியமில்லை. முப்பது வருஷம் சாம்பிள் வெடி வெடித்துப் பார்த்து, மாமாவின் காது என்றைக்கோ அடைத்துப்போயிருந்தது. வீட்டில் அவரிடம் உப்பு கேட்பதென்றாலும் தெருவுக்கே கேட்கும். வெடியின் தரத்தை அவர் காதால் பார்ப்பதில்லை. உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, அங்கே எவ்வளவு இடிக்கிறது என்று பார்ப்பார். சிவகாசி வியாபாரிகள் அவர் நெஞ்சை அப்படி நம்பினார்கள்.

கிடாரின் சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன்பே தூக்கிக் கொடுக்க பூஸ்டர் என்று ஒரு பெட்டி உண்டென்று கேள்விப்பட்டேன். மதுரையில் ஒரு கடையில் சீமைப் பெட்டி இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கடைசியில் விருதுநகர் ரேடியோ மெக்கானிக் கனகசபாபதிதான் கைகொடுத்தார். நம் சக்திக்குத் தகுந்த மாதிரி இரண்டு பெட்டி செய்து வைத்திருந்தார். ஒன்று பிஸ்கட் டப்பாவில், இன்னொன்று பெருங்காய டப்பாவில்.

"பெருங்காய டப்பா நீங்க வாசிக்கிறத அப்படியே பெருசாக்கும், அம்புட்டுத்தான். பிஸ்கட் டப்பா பெருசாக்குறதோட தன் பங்குக்குக் கொஞ்சம் கரகரப்பும் சேத்துக் குடுக்கும்."

எனக்கு பிஸ்கட் டப்பாதான் பிடித்தது. அதில் வாசித்தால் சிங்கம் இருமுவது போல இருந்தது. அதையே எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அதற்குள் மாமாவுக்கு விஷயம் போய்விட்டது.

"சத்தம் வாங்குறதுக்கு என்னைய விட்டுட்டு எவன்லே போவான்? ரெண்டையும் புதுப்பட்டிக்குக் கொண்டா. சாம்பிள் பாத்துத்தான் எடுக்கணும்."

சாம்பிள் பார்ப்பது கம்பெனிக்குப் பின்னால் இருந்த பொட்டலில். மறுநாள் காலையில் கனகசபாபதியும் நானும் மாட்டு வண்டியில் கிடார், ஆம்ப்ளிஃபயர், ஹாரன் ஸ்பீக்கர், லாரி பேட்டரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். வேலிக்கு இந்தப் பக்கமே போர்மேன் சங்கிலிமுத்து நிறுத்திவிட்டார். செருப்பைக் கழற்றச் சொன்னார். தீப்பெட்டி, சாவி, பெல்ட் எல்லாம் வாங்கி வைத்தார். பிறகு கிடாரைப் பார்த்தார்.

"இதென்ன கம்பி?"

"ஸ்டீல்."

"இரும்பு உள்ள வரக் கூடாது."

"இதில என்னங்க தீப்பொறி வரும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆணி கூட உள்ள விட மாட்டோம். செம்புக் கம்பி மாட்டிக்கிட்டு வாங்க."

மாமாவிடம் முறையிட்டேன். சட்டம் சட்டம்தான் என்றார். ஆம்ப்ளிஃபயரையும் பேட்டரியையும் வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, வயர் செம்பு என்பதால் அதை மட்டும் உள்ளே விட்டார்கள். டப்பாக்கள் தகரம்தானே என்று விட்டுவிட்டார்கள். ஹாரன் அலுமினியம், அதுவும் தப்பித்தது. அதன் வயிற்றில் இருந்த காந்தத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கிடாரின் ஆறு கம்பிகளையும் என் கையாலேயே கழற்றி போர்மேனிடம் கொடுத்தேன். ரசீது வேண்டுமா என்றார். எனக்கு அழுகை வந்தது.

கம்பியில்லாத கிடாரைப் பொட்டலின் நடுவில் ஈரச் சாக்கின்மேல் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் பிஸ்கட் டப்பா. நாலு மூலையிலும் தண்ணீர்ப் பானை. போர்மேன் விசில் ஊதியதும் எல்லோரும் பின்னால் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

கனகசபாபதி சுவிட்சைப் போட்டார். ஹாரனிலிருந்து 'ஸ்ஸ்ர்ர்ர்' என்று ஒரு சீற்றம் வந்தது. மாமா மட்டும் தைரியமாகப் போய் ஹாரன் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"திரியில நெருப்பு வைக்கும் முன்னாலயே சீறுது. இந்தச் சரக்கு ஆகாது."

அடுத்தது பெருங்காய டப்பா. விசில், ஓட்டம், சுவிட்ச். ஒன்றும் நடக்கவில்லை. மாமா ஹாரனைத் தடவினார், டப்பாவைத் தடவினார், குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"புகை இல்ல. வாடை இல்ல. சும்மா இருன்னா சும்மா இருக்கு. இதுதான் சுத்தமான சரக்கு. இத எடுத்துக்கோ."

"மாமா, அதில சத்தமே வரலியே!" என்று அவர் காதில் கத்தினேன்.

"கம்பி இல்லாம எப்படிலே வரும்? கம்பிய மாட்டுனா கம்பி சத்தம் வரும். பெட்டிக்கு என்ன சத்தம்? பெட்டி பேசக் கூடாது."

கனகசபாபதி என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். பிஸ்கட் டப்பாவைத் திரும்ப வண்டியில் ஏற்றும்போது எனக்கு மாமாமேல் அடங்காத ஆத்திரம். இருந்தாலும் பெண்ணைக் கொடுக்கிறவர் பாஸ் பண்ணிய பெட்டி. மறுபேச்சு பேச முடியுமா?

வைகாசிக் கொடையன்று புதுப்பட்டி கொள்ளாத கூட்டம். மாமா முதல் வரிசையில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் செல்லக்கனி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு. பெருங்காய டப்பாவை மாட்டினேன். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு முதல் வரியை வாசித்தேன்.

கேட்டது. ஐயோ, எப்படிக் கேட்டது! ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியாகக் கழுவித் துடைத்து வைத்தது போலப் புளியமரம் தாண்டிப் போய் விழுந்தது. பாங்கோவை நிறுத்திவிட்டு சுந்தரபாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் இரண்டாவது வரிக்குப் போனேன். அப்போதுதான் நானும் என் வாசிப்பை முதல் தடவையாகக் கேட்டேன். தாளம் ஒரு பக்கம் போக நான் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தேன். சுருதி என்பது பக்கத்து ஊரில் இருந்தது. மூன்று வருஷமாக அந்த பாங்கோ என் மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. டப்பா ஒரு பொட்டுக்கூடத் தன் பங்குக்குச் சேர்க்கவில்லை. என்னை மட்டும் பெரிதாக்கி ஊருக்குக் காட்டியது.

நிறுத்தவும் பயம். நிறுத்தினால் மாமா கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால்? வியர்த்து வடிய வாசித்துக்கொண்டே இருந்தேன். பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி சிரித்தாள். செல்லக்கனி சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"கேட்டுருச்சுலே மருமகனே! நெஞ்சுல கும்மு கும்முனு விழுது! என்ன சரக்கு!" மகள் பக்கம் திரும்பினார். "ஏளா செல்லம், எனக்குக் கேட்டுருச்சு. தை மாசம் நாள் பாத்திருவமா?"

அப்பாவிடம் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாதே. அவள் எழுந்து வந்து, ஊரே கேட்கிற மாதிரி அவர் காதில் கத்தினாள்.

"எனக்கும் கேட்டுருச்சுய்யா! அதான் யோசிக்கேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்பது எனக்கு அந்த நொடி வரை தெரியாது. கிடார் கிடந்து நாசமாகப் போகட்டும், அவள் போகக் கூடாது என்று மட்டும் இருந்தது.

அவள் மேடையை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் வரச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"கட்டிக்கிடுதேன் அத்தான். முதல்ல அந்தப் பெட்டியக் கழட்டுங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தோஷமும் அதற்குக் கொஞ்சமும் குறைவில்லை. குனிந்து வயரைப் பிடுங்கினேன். சுந்தரபாண்டி உடனே பாங்கோவை ஓங்கி அடித்தான்.

மாமாதான் விடாமல், "ஏன்லே நிறுத்திட்ட? நல்லாத்தான இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.