பெரியநாயகி வீட்டு நிழல்

நெய்வேலி பேருந்து நிலையத்தில் பெரியநாயகி படுத்துக்கொள்ளும் இடத்தில், இல்லாத ஒரு வீட்டின் நிழல் தினமும் மாலையில் வந்து விழும். ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு முருங்கை, வாசல் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். வெயில் அடித்ததா என்றெல்லாம் அது பார்க்காது, விடிந்ததும் போய்விடும். அவள் ஊரை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டபோது பட்டாவில் பெயர் இருந்தவர்கள் மாற்று மனைக்குப் போனார்கள். பெயர் இல்லாத பெரியநாயகி இங்கே வந்தாள். வீட்டை இடித்தார்கள், நிழலை இடிக்க உத்தரவு ஏதும் இல்லாததால் அது அவள் பின்னாலேயே வந்துவிட்டது. மழையில் அதற்குள் ஒரு சொட்டு விழாது. பண்ருட்டி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே ஒதுங்குவார்கள்.

2014இல் கோயில்காரர்களும் சர்ச்காரர்களும் குவார்ட்டர்ஸ்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, டவுன்ஷிப்பில் இனி யாரும் வெளியே படுக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். சுரங்கத்தில் ஆட்களுக்கு ஷிப்டு போட்டே தலை நரைத்து ஓய்வு பெற்ற கலியமூர்த்தி தலைவரானார். வெளியே படுத்தவர்களில் ஒருவரை நெல்லிக்குப்பத்தில் இருந்த அவர் தம்பியிடம் சேர்த்தார்கள், இன்னொருவருக்கு வாட்ச்மேன் வேலையும் அறையும் கிடைத்தன. கடைசியில் பெரியநாயகி மட்டும் மிஞ்சினாள். அவளுக்கும் கலியமூர்த்தி ஷிப்டு போட்டுவிட்டார், அவருக்குத் தெரிந்த வித்தை அதுதானே. எந்த வீட்டு ஆண் நைட் ஷிப்டுக்குப் போகிறாரோ அந்த வாரம் அந்த வீட்டில் அவள். வீட்டுப் பெண்களுக்குத் துணையும் ஆயிற்று. திட்டத்தைக் கேட்டு எல்லோரும் கை தட்டினார்கள். அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வீடு நல்ல சோறும் ஃபேனும் கிடைத்தன. ஆனால் நிழலுக்கு ஷிப்டு புரியவில்லை. போன வாரத்து வீட்டு வாசலில் வந்து விழுந்து, அவளைக் காணாமல் பிளாக் பிளாக்காக நகரும். கொடியில் காயும் சேலைகள்மேல் ஓட்டுச் சரிவு ஏறி இறங்கும். பிள்ளைகள் பந்தடிக்கிற இடத்தில் முருங்கைக் கிளை ஆடும். நாளாக ஆக அது வெளுத்தது. கழுவிக் கழுவிச் சாயம் போன துணி மாதிரி ஆனதைப் பார்த்து, உள்ளதும் போய்விடுமோ என்று பெரியநாயகி பயந்தாள்.

2015இல் அந்தப் பெருமழை. ஒரு பகலில், போக வழி தெரியாமல் தெருவில் நனைந்துகொண்டிருந்த நிழலைக் கண்டு அவள் இறங்கி ஓடி அதற்குள் நின்றாள். முதல் முறையாக நிழல் ஒழுகியது. உள்ளே போகச் சொல்லிக் குடையோடு வந்த கலியமூர்த்தியின் தோளிலும் சொட்டியது.

"படுக்க எடம் நீங்க குடுத்தீங்க, இல்லன்னு சொல்லல. வாராவாரம் மூட்டையத் தூக்கிகினு போறேன். நாளைக்கும் அங்கியே இருக்கற வூடு வேணும்ங்க" என்றாள் பெரியநாயகி.

கலியமூர்த்தி குடையை மடக்கிவிட்டு அவள் பக்கத்தில் நின்று நனைந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

மழை விட்டதும் கூட்டம் மறுபடி கூடியது. முத்தாண்டிக்குப்பம் சாலையில் மனை வைத்திருந்த மேரிசெல்வி அதில் ஒரு பகுதியைப் பெரியநாயகி பெயருக்கே எழுதிக் கொடுத்தாள். பெரியநாயகி அங்கே பாய் விரித்தாள். கொஞ்சம் தயங்கித்தான் நிழல் வந்து சேர்ந்தது. அதன் ஓரமாகவே சுண்ணாம்புப் பொடி தூவி, கோட்டின்மேல் கடைகால் தோண்டினார்கள். ஒரு மூலை மேரிசெல்வி பக்கம் போனது. அவள் தன் வேலியை உள்ளே தள்ளி நகர்த்திக்கொண்டாள். முருங்கை நிழலின் அடியில் முருங்கைக் கிளை ஒன்றை வெட்டிப் போத்தாக நட்டார்கள்.

ஓடு வேய்ந்து முடிந்த அன்று மாலை நிழல் வரவில்லை. எல்லோரும் கவலையோடு தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, பெரியநாயகி கதவைத் திறந்து உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்றிலிருந்து எந்த வெயிலிலும் அந்த வீட்டுக்கு நிழல் விழுவதில்லை. மீட்டர் பார்க்க வந்த புதுப் பையன் தரையையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேரிசெல்வியிடம் விசாரித்தான்.

"இந்த வூட்டுக்கு நெழலு முன்னாடியே வந்துடுச்சு தம்பி" என்றாள்.

அவன் ரீடிங் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.