தனி ஆளுக்கு மேஜை இல்லை

"ஒத்த ஆளை எப்படிங்க டீம்னு எழுதுறது..."

"மூணு வருஷமா எழுதினியே டெஸ்மண்ட், அப்போ மட்டும் உன் பேனா..."

"அப்போ எழுதினேன். இப்போ பப் கம்பெனியிலேருந்து உத்தரவு, குறைஞ்சது ரெண்டு பேர் வேணுமாம். தனியா ஒருத்தர் வந்து நாலு பேர் மேஜையைப் பிடிச்சுக்கிட்டா, வர்ற குடும்பத்தை நான் எங்க உட்கார வைக்கிறது?"

வினிஃப்ரெட் ஹெப்டன் கோட்டைக் கூட இன்னும் கழற்றவில்லை. யார்க்‌ஷயரில் மலையடிவாரத்து ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு டெஸ்மண்டின் பப்பில் வினாடி வினா நடக்கும். கணவர் காலமான பிறகு, வாரத்தில் அவள் நாலு பேர் நடுவில் உட்காருவது அந்த இரண்டு மணி நேரம்தான்.

"மிஸ்டர் த்வெயிட்டும் தனிதானே. அவர்கூடச் சேர்ந்துக்குங்க, கணக்கு சரியாப் போயிடும்."

"அவர் தனியா இருக்கணும்னே இருக்கிறவர். நான் போய் எதிர்ல உட்கார்ந்து அவரைச் சங்கடப்படுத்தவா?"

ஆப்ரி த்வெயிட் அடுத்த மேஜைக்காரர். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் விடைத்தாளைப் பக்கத்து மேஜைக்குக் கொடுத்துத் திருத்திக்கொள்வது வழக்கம். அவள் தாள் அவரிடம் போகும், அவர் தாள் அவளிடம் வரும். ராஜா ராணிகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. விளையாட்டுச் சுற்றில் பத்துக்குப் பூஜ்யம். அவர் நேர் எதிர். திருத்துகிறவர் சரி, தப்பு போட்டால் போதும். அவரோ தப்புக்குப் பக்கத்தில் சரியான விடையையும் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதி அனுப்புவார். 'ஆக்ஸ்ஃபோர்ட்-கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி தொடங்குவது பட்னியில்.' அவளும் எழுதுவாள். 'ஜேன் கிரே. ஒன்பதே நாள் ராணி.' ஒரு தடவை அவர் நொண்டிக்கொண்டு வந்தபோது, 'முழங்கால் தேவலையா?' என்று எழுதிவிட்டு அழித்தாள். அழித்த தடம் தெரிந்திருக்குமோ என்று அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கவலை. மூன்று வருடத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டது 'நன்றி' ஒன்றுதான்.

டெஸ்மண்ட் கிளாஸைத் துடைப்பதை நிறுத்தினான்.

"இப்பதான் அஞ்சு நிமிஷம் முன்னாடி அவர்கிட்டயும் இதையே சொன்னேன். என்ன சொன்னார் தெரியுமா? 'அந்த அம்மா யாரும் வேணாம்னு ஒதுங்கி இருக்காங்க. நான் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது.' அப்புறம், இனிமே வரலைன்னுட்டுத் தொப்பியை எடுத்துக்கிட்டார்."

"எங்கே போனார்?"

"பஸ்ஸுக்குத்தான். ரெண்டு பேரும் நல்ல ஜோடி, போங்க."

நிறுத்தத்தில் அவர் மட்டும் நின்றிருந்தார். ஒரே ஆள் என்றாலும் அது வரிசைதான். அவள் ஒரு முழம் தள்ளி அவருக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் திரும்பித் தொப்பியைத் தொட்டார்.

"மழை வரும்போல."

"மத்தியானமே வந்திருக்கணும்."

"தோட்டத்துக்கு நல்லது."

"ஆமா, தோட்டத்துக்கு நல்லது."

அதற்கு மேல் மழையைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு மணியை அவள் நினைத்துப் பார்த்தாள். ரேடியோ. ஒரு கப் டீ. எதிரே காலி நாற்காலி. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே இருக்கும்.

வளைவில் பஸ் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கு ஒன்றுதான். வந்து நின்று, கதவு திறந்தது. த்வெயிட் ஏறவில்லை, ஒதுங்கி நின்று, நீங்கள் முதலில் ஏறுங்கள் என்று கையைக் காட்டினார். அவளும் ஏறவில்லை. டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லேன்னா, மிஸ்டர் த்வெயிட்," என்றாள், "இந்த பஸ்ஸை விட்டுடலாமா?"